மேஜைக்கு மேஜை மாறும் தஸ்தாவேஜு

மதுரை மாவட்ட நீதிமன்றத்திலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி முதலிய தாலுகா நீதிமன்றங்களிலும் நாள்தோறும் தாக்கலாகும் பிராதுகளும் எதிருரைகளும் பிரமாண வாக்குமூலங்களும், கட்சிக்காரரும் வக்கீலும் கையொப்பமிடுவதற்கு முன்னால், ஏதேனும் ஒரு ஜாப் டைப்பிங் கடையின் கணிப்பொறியிலே ஒரு கோப்பாகத்தான் உருவாகின்றன. அந்தக் கோப்பு கடையிலிருந்து வக்கீல் அலுவலகத்துக்கும், அங்கே திருத்தம் பெற்று, குமாஸ்தாவின் பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஏறி வேறொரு கடைக்கும், வழக்கு முற்றி மேல்முறையீட்டுக்குப் போகுமானால், மேலூர் சாலையில் 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி முதல் இயங்கிவரும் உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடும் வக்கீல்களின் மேஜைக்கும் போய்ச் சேருகிறது. இத்தனை மேஜைகள் மாறும் ஒரு தஸ்தாவேஜு, எழுதியவர் எழுதிய எழுத்தோடும் வகுத்த பக்கத்தோடும் போய்ச் சேரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது. எனினும், வோர்டில் செய்த கோப்பை இலவச மென்பொருளாகிய லிபரே ஆபீஸில் திறந்ததும் தமிழ் எழுத்துகள் பொருளற்ற ரோமன் எழுத்துகளாய்ச் சிதறுவதும், எட்டுப் பக்கம் ஒன்பதாவதும், அட்டவணையின் கடைசிக் கட்டம் அடுத்த தாளுக்கு ஓடிவிடுவதும் அன்றாட அனுபவமாக இருக்கின்றன. உடனே, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் இப்படித்தான் இருக்கும் என்று, சாட்சி விசாரணை இல்லாமலே ஒரு தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு மறுவிசாரணைக்கு உரியது என்பது என் திடமான அபிப்பிராயம். மென்பொருளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும் பங்கு, மென்பொருளை மாற்றிவிட்டு, அந்த மென்பொருளில் எழுதப்படும் ஆவணத்தின் எழுத்துக்கும் வடிவத்துக்கும் ஒரு பொது விதி செய்யாமல் பாதி வழியிலே நின்றுவிட்ட நமது நிர்வாகத்தைச் சேர்ந்தது.

கட்டற்ற மென்பொருள் நமது நீதிமன்றங்களுக்குள் தீர யோசித்தே கொண்டுவரப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் மின்குழு வகுத்த மின் நீதிமன்றத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2015-இல் தொடங்கி, நாடெங்கும் 18,735 நீதிமன்றங்களைக் கணிப்பொறி வசதிக்குள் கொண்டுவந்தபோது, உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளமே கீழமை நீதிமன்றங்களுக்கு உரியதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் அதில் பயிற்சியும் அளிக்கப்பட்டது. வழக்கு விவரங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளும் கட்டற்ற அடித்தளத்தின் மீதே கட்டப்பட்டது. உபுண்டுவோடு கூடவே வருவது லிபரே ஆபீஸ். ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்துவதைத் தவிர்ப்பது ஒரு காரணமென்றாலும், பிரஜைகளின் உரிமைகளைத் தீர்மானிக்கும் தீர்ப்புகள் ஒரு தனி நிறுவனத்தின் விருப்பு வெறுப்புகளுக்கு உட்பட்ட ஒரு பெட்டிக்குள் கிடக்கலாகாது என்ற கொள்கையும் அதற்குப் பின்னே இருந்தது. தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை அதற்கு முன்பே பழக்கமானதுதான். 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில், லிபரே ஆபீஸின் முன்னோடியாகிய ஓப்பன் ஆபீஸ் தமிழ் முகத்தோடு இடம்பெற்றிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் அலுவல்களையே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக்காட்டினார்.

ஆகவே நீதிபதியின் மேஜை மாறியது. ஆனால் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்த ஜாப் டைப்பிங் கடையும், பத்திர எழுத்தரின் அறையும், வக்கீல் வீட்டுத் திண்ணையும் மாறவில்லை. மாறும்படி எவரும் அவர்களைக் கேட்கவும் இல்லை, அதற்கு உதவவும் இல்லை. இரண்டு உலகங்களுக்கும் இடையே கோப்புகள் மட்டும் போய்வந்து அடிபடுகின்றன.

பொதுவாக மக்கள் ஒரே நோயாகச் சொல்லுகிற இந்தத் தொல்லை, உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள். எழுத்து கெடுவது ஒன்று. பக்கம் கெடுவது மற்றொன்று. முன்னதற்கும் லிபரே ஆபீஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த வானவில் எழுத்துருக்களும், அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும், இலங்கைத் தமிழரிடையே மிகப் பரவலாகவும் வழங்கிய பாமினி எழுத்துருவும், கணிப்பொறிக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரியாத காலத்தில், ரோமன் எழுத்துகளின் ஆசனங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றிச் செய்யப்பட்டவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு உள்ள இயந்திரத்தில் மட்டுமே அது தமிழ். இல்லாத இயந்திரத்தில், அது வோர்டாயினும் சரி, லிபரே ஆபீஸாயினும் சரி, அது அர்த்தமற்ற ரோமன் குவியல். ஒரு விண்டோஸ் கணிப்பொறியிலிருந்து இன்னொரு விண்டோஸ் கணிப்பொறிக்குப் போகும்போதும் இதே விபத்து நேர்ந்துகொண்டுதான் இருந்தது. நீதிமன்றத்து உபுண்டுவில் அந்த எழுத்துருக்கள் நிறுவப்பட்டிராததால், பழைய விபத்தின் பழி புதிய மென்பொருளின் மேல் விழுந்தது.

இந்த மறைமுகத் தமிழினால் விளையும் பிழைகள் நுட்பமானவை. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே விவரிக்கிறேன். பாமினியில் சிறிய எஃப் 'க' ஆகும். பெரிய எஃப் 'கு' ஆகும். ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி எல்லா எழுத்துச் செயலிகளிலும் இயல்பாகவே விழித்திருக்கிறது. தான் திருத்துவது தமிழ் என்பதை அறியாத அந்த வசதி, ஒரு பத்தியின் தொடக்கத்திலே 'கடன்' என்று எழுதப்பட்டதைக் 'குடன்' என்று ஆக்கிவிடும். கடன் பத்திரத்தின் பேரில் தொடுத்த வழக்கில் அந்தச் சொல் பிழைபடுமானால் அதைக் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். கட்சிக்காரரின் பெயரோ அவருடைய கிராமத்தின் பெயரோ பிழைபடுமானால் பிழை பட்டாவரைக்கும் போய்விடும். 2010-இல் ரூபாய்க்குப் புதிய குறி பிறந்தபோதும் இந்தச் சரித்திரமே சிறிய அளவில் திரும்ப நிகழ்ந்தது: எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வகுக்கும் பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோட் அக்குறிக்கு இடம் தருவதற்கு முன்பே, விசைப்பலகையின் மூலையில் கிடக்கும் ஒரு சாய்ந்த கோட்டின் இடத்தில் அதை வைத்து ஓர் எழுத்துரு வெளிவந்தது, அதை நம்பி அடித்த கோப்புகளை அந்த எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால், தொகைக்கு முன்னால் ரூபாய்க் குறி இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சாய்ந்த கோடுதான் நிற்கிறது.

இவ்வளவு குறைகள் இருந்தும் ஜாப் டைப்பிஸ்டுகள் பழைய எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அவர்களுடைய பிடிவாதத்தையோ அறியாமையையோ காரணமாகச் சொல்வது பெரும் அநியாயம். தட்டச்சு நிலையங்களில் பயின்று, இளநிலையும் முதுநிலையும் தேறி, தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசையமைப்பை விரல் நுனியில் பதித்துக்கொண்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பிழைக்கிற ஒருவருக்கு வேகமே மூலதனம். யூனிகோடுக்கு மாறு என்று அவரிடம் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும், அதற்காகத் தமிழ் 99 விசைப்பலகையைப் புதிதாகப் படி என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். பழைய தட்டச்சு விசையமைப்பிலேயே விரல்களை ஓடவிட்டு, யூனிகோட் எழுத்தைக் கோப்புக்குள் சேர்க்கும் இலவசச் செயலிகள் எத்தனையோ ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர் அவற்றுள் ஒன்று. கையின் பழக்கத்தைத் தொடாமலே கோப்பின் உள்ளடக்கத்தை மாற்ற முடியும் என்ற இந்த ஒரு செய்தியை, நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கு அதிகாரபூர்வமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால், இன்று நாம் படும் சிரமத்தில் பாதி இருந்திராது.

இரண்டாவது நோயாகிய பக்கம் கெடுவதற்கு வருவோம். ஜனங்கள் நினைப்பதுபோல், வோர்டு கோப்புக்குள்ளோ லிபரே ஆபீஸ் கோப்புக்குள்ளோ பக்கங்கள் பக்கங்களாகவே வைக்கப்பட்டிருப்பதில்லை. அதற்குள் இருப்பவை எழுத்துகளும், அவற்றுக்கு இன்ன எழுத்துரு, இன்ன அளவு, இன்ன இடைவெளி என்ற குறிப்புகளுமே. ஒரு வரி எந்தச் சொல்லில் முடிய வேண்டும், ஒரு பக்கம் எந்த வரியில் முடிய வேண்டும் என்பனவற்றை, கோப்பைத் திறக்கிற ஒவ்வொரு முறையும், திறக்கிற மென்பொருள், அந்த இயந்திரத்தில் உள்ள எழுத்துருவின் அகலத்தைக் கொண்டு புதிதாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. எழுத்துரு மாறினால் ஒவ்வொரு சொல்லின் அகலமும் ஓர் இழையளவு மாறும். அந்த இழையளவு, நாற்பது வரிகளில் ஒரு சொல்லாகவும், நானூறு வரிகளில் ஒரு பத்தியாகவும் பெருகும்.

ஆங்கிலத்துக்கு இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் ஆகியவற்றின் எழுத்தகலத்தை அப்படியே பின்பற்றும் லிபரேஷன் எழுத்துருக்களை ரெட் ஹாட் நிறுவனம் 2007-இல் இலவசமாக வெளியிட்டது. கலிப்ரிக்கும் கேம்பிரியாவுக்கும் ஈடாகக் கார்லிட்டோவும் கலடியாவும் பின்னால் வந்தன. தமிழுக்கு அப்படி எவரும் செய்யவில்லை. விண்டோஸோடு பல்லாண்டு வந்துகொண்டிருந்த லதா எழுத்துருவில் அமைத்த ஒரு வாக்குமூலத்தை உபுண்டுவில் திறந்தால், லதாவின் இடத்தில் லோகித் தமிழோ நோட்டோ தமிழோ வந்து அமருகிறது. அவை அழகிய எழுத்துருக்களே எனினும், அகலமும் வேறு, மேலும் கீழும் அவை கேட்கும் இடமும் வேறு. இதிலே கவனிக்கத்தக்க மற்றொரு விஷயம்: விண்டோஸ் 10 வந்தபோது லதாவே இயல்பாக நிறுவப்படாமல், வேண்டுவோர் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டிய பொருளாகிவிட்டது. ஆகவே இன்று வோர்டிலிருந்து வோர்டுக்குப் போகும் தமிழ்க் கோப்புக்கும் பக்கம் மாறாது என்ற உத்தரவாதம் கிடையாது. போதாக்குறைக்கு, இரு மென்பொருள்களிலுமே ரோமன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துருவும் அளவுமாகத் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. அடிப்பவர் ஒன்றைக் குறித்துவிட்டு மற்றொன்றைக் குறிக்காமல் விட்டிருந்தால், திறக்கும் மென்பொருள் தன் இயல்பான அளவை அதற்கு இட்டுக்கொள்ளும். ஆங்கிலம் பதினான்கிலும் தமிழ் பன்னிரண்டிலுமாக ஒரே வாக்கியம் இரண்டு உடை உடுத்து நிற்கும்.

பக்கம் மாறினால் என்ன பிரமாத நஷ்டம் என்று கேட்பவர்கள் நீதிமன்றத்தின் நடைமுறையை அறியாதவர்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டோடு சேர்த்துத் தாக்கல் செய்யும் டைப்டு செட் என்ற தட்டச்சுத் தொகுப்பில், இன்ன பக்கம், இன்ன பத்தி என்று சுட்டித்தான் வாதம் நடக்கிறது. எதிர்த்தரப்புக்குக் கொடுத்த பிரதியும் நீதிபதியின் முன் உள்ள பிரதியும் ஒரே பக்க எண்ணைக் காட்டவேண்டும். கிரயப் பத்திரத்திலோ சங்கடம் இன்னும் ஸ்தூலமானது. முத்திரைத்தாளின் முதற்பக்கத்தில் மேற்பகுதி முத்திரைக்கு உரியது; அதை விட்டு, கீழே மிஞ்சுகிற இடத்தில் எழுத்து தொடங்க வேண்டும். அடுத்த தாள்களில் இன்னின்ன ஷரத்துகள், கடைசித் தாளில் நஞ்சை புஞ்சை விவரமும் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் என்று பத்திர எழுத்தர் அனுபவத்தால் பிரித்து வைத்திருப்பார். இரண்டே வரி கீழே சரிந்தாலும், விலை கொடுத்து வாங்கிய முத்திரைத்தாளில் அச்சு தவறி விழும்.

இங்கே நம்மவர்களின் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மேலே இடம் விடவேண்டுமானால் எண்டர் பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை தட்டுவதும், தலைப்பு நடுவில் வரவேண்டுமானால் இடைவெளிப் பட்டையை அழுத்திக்கொண்டே போவதும், தட்டச்சுப் பொறியின் உருளையைத் திருப்பிப் பழகிய கைகளுக்கு இயல்பானவை. ஆனால் அப்படிக் கட்டிய பக்கம், எழுத்துருவின் அளவு இம்மியளவு மாறியதும் சரிந்துவிடும். மேல் விளிம்பு இத்தனை சென்டிமீட்டர், இந்தப் பத்தி புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும், இந்த அட்டவணை வரி பிளவுபடக் கூடாது என்று முறையாகக் குறித்து வைத்த கோப்புகள், வோர்டுக்கும் லிபரே ஆபீஸுக்கும் இடையே எத்தனை முறை போய்வந்தாலும் அநேகமாக நிலைகுலைவதில்லை. இந்தப் பாணிகளின் உபயோகத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கு அதிக அவகாசம் வேண்டாம், சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

பக்கம் கெடுவதில் மென்பொருளுக்கு உள்ள பங்கு கோப்பின் வடிவத்தைச் சார்ந்தது. அந்த வடிவத்தைப் பற்றிய சர்வதேச வழக்கு ஒன்று உண்டு. அதில் பாரத தேசம் எடுத்த நிலை கௌரவமானது. வோர்டின் பழைய டாக் வடிவம் நெடுங்காலம் ஒரு நிறுவனத்தின் ரகசியமாகவே இருந்தது. கட்டற்ற மென்பொருள்காரர்கள் அதை வெளியிலிருந்து ஆராய்ந்து, ஊகித்தே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதன் விவரணையை மைக்ரோசாப்ட் பகிரங்கமாக வெளியிட்டது 2008-இல்தான். இதற்கிடையே, எவரும் படித்து எவரும் கையாளக்கூடிய ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம், 2005-இல் ஒயாசிஸ் அமைப்பின் தரமாகி, 2006-இல் ஐ.எஸ்.ஓ. 26300 என்ற சர்வதேசத் தரமும் ஆயிற்று. அதன் விவரணை ஏறத்தாழ 700 பக்கம். அதற்குப் போட்டியாக மைக்ரோசாப்ட் தன் டாக்எக்ஸ் வடிவத்தைத் தரமாக்க முன்வைத்த விவரணையோ 6,000 பக்கங்களுக்கு மேற்பட்டது; அதில் சில இடங்களில், வோர்டு 95 இடைவெளி விட்டதுபோல் விடுக என்ற தோரணையில் விதிகள் இருந்தன. அந்தப் பழைய மென்பொருள் எப்படி இடைவெளி விட்டது என்று அறிய விரும்புகிறவன் அந்த மென்பொருளையே பார்த்துப் போலச் செய்யவேண்டும் என்பதுதான் அதில் கிடைத்த விளக்கம். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் என்ற பழைய கணக்குப் பிழையும், முந்தைய கோப்புகள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, அதன் விரிதாள் பகுதியில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

இந்திய தர நிர்ணய அமைவனம் 2007 செப்டம்பரில் அந்தத் தரத்துக்கு எதிராக வாக்களித்தது. 2008 மார்ச்சிலும் தன் நிலையிலிருந்து பிறழவில்லை. பெரும்பான்மை வாக்கால் தரம் நிறைவேறிய பிறகு, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நாடுகளோடு சேர்ந்து இந்தியாவும் மேல்முறையீடு செய்தது. அந்த ஆகஸ்டில் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. அப்படி நிறைவேறிய தரத்துக்கும் இரண்டு வகைகள் ஏற்பட்டன: பழைய வழக்கங்களை எல்லாம் சுமந்த இடைக்கால வகை ஒன்று, அவற்றை நீக்கிய கண்டிப்பான வகை ஒன்று. நாம் சாதாரணமாகச் சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு இன்றும் இடைக்கால வகையைச் சேர்ந்ததே. லிபரே ஆபீஸைக் கட்டுகிற பொறியாளர்கள் எந்த மலையை ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும். ஜெர்மனியின் ஹாம்பர்கை அடுத்து இளைஞர் ஒருவர் தொடங்கிய ஸ்டார் டிவிஷனில் பிறந்து, 1999-இல் சன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2000-இல் மூல நிரலோடு உலகுக்குத் திறந்துவிடப்பட்டு, 2010 செப்டம்பரில் லிபரே ஆபீஸ் என்று தனிக்கிளை விட்ட அந்த மென்பொருளில், தமிழ் எழுத்துகளைக் கோத்து வரையும் வேலை 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கருவியிடம் ஒப்படைக்கப்பட்டது. இயங்குதளத்துக்கு இயங்குதளம் கொம்பும் காலும் வேறுவிதமாக விழுந்துகொண்டிருந்த குறை அதன் பிறகு பெரிதும் நீங்கிற்று.

நீங்காத குறைகளும் உள்ளன. வோர்டில் செய்த படச்சட்டங்கள், பல அடுக்குகளாய் ஒன்றுக்குள் ஒன்று வைத்த அட்டவணைகள், பலர் கைபட்ட திருத்தக் குறிப்புகள், மேக்ரோக்கள் ஆகியவை லிபரே ஆபீஸில் எப்போதும் சுகமாக வந்து சேர்வதில்லை. நமது கீழமை நீதிமன்றங்களின் எளிய தமிழ்ப் பிராதுக்கு இவற்றில் எதுவும் தேவைப்படுவதில்லை என்பது நமக்குக் கிடைத்த அனுகூலம்.

எஞ்சியிருப்பது விதி செய்வது ஒன்றுதான். அதுவும் காகிதத்தில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் இந்த விவகாரத்தில் என்னை மிகவும் வருத்துவது. கோவையில் செம்மொழி மாநாடு கூடிய 2010 ஜூனிலேயே, தமிழுக்கு யூனிகோடும், அது இயலாத இடத்தில் டேஸ் 16 குறியீடும் தரங்கள் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அரசு நிர்வாகத்தில் எவருக்கும் ராயல்டி செலுத்தத் தேவையில்லாத திறந்த தரங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு பிரகடனம் செய்தது. 2015-இல் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை என்ற கொள்கையும் வந்தது. எழுத்துக்கு ஓர் ஆணை, கோப்பின் வடிவத்துக்கு ஒரு கொள்கை, மென்பொருளுக்கு ஒரு கொள்கை என்று மூன்றும் தனித்தனியே கிடக்கின்றன. இவை மூன்றும் ஒரு குமாஸ்தாவின் பென்டிரைவில் ஒன்றாகச் சந்திக்கின்றன என்பதை எந்தத் துறையும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆவணத்தை முதலில் விடுவித்தால் மென்பொருள் தானே பின்தொடரும் என்பதற்கு, நமது ஊரின் பெயரையே தாங்கிய ஓர் உதாரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், கடல் கடந்த தமிழர்களும் உள்ளூர்த் தமிழர்களும் ஊதியமின்றி அடித்துக் கொடுத்த பழந்தமிழ் நூல்களை இணையத்தில் வைத்தது. அந்நாளில் யூனிகோட் நடைமுறைக்கு வரவில்லை. ஆகையால் நூல்கள் டிஸ்கி என்ற குறியீட்டிலே வெளிவந்தன. ஆனால் டிஸ்கி எவருக்கும் உடைமையான ரகசியம் அன்று. இணையத்தில் கூடி விவாதித்துத் தமிழர்கள் வகுத்துக்கொண்ட பகிரங்கமான அட்டவணை. எனவே யூனிகோட் வந்ததும், அத்தனை நூல்களையும் ஓர் எழுத்தும் இழக்காமல் அதற்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. அதே ஆண்டுகளில் தனியார் எழுத்துருக்களில் அச்சாகி, மூலக்கோப்பு எந்த அட்டவணையின்படி எழுதப்பட்டது என்பதே மறந்துபோன புத்தகங்கள் எத்தனையோ திரும்ப அடிக்கப்பட வேண்டியவையாய்க் கிடக்கின்றன.

நீதிமன்றப் பழங்கோப்புகளையும் மாற்றலாம். பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் முதலிய இலவச மாற்றிகள் பாமினியையும் வானவில்லையும் நன்கு அறிந்தவை. ஆனால் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பத்தியில் எது பாமினித் தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்பதை அந்தந்தச் சொல்லின்மேல் குறித்துள்ள எழுத்துருவின் பெயரைக் கொண்டுதான் அறியமுடியும். அந்தப் பெயர் ஒரு முறை அழிந்துவிட்டால், சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் நின்ற உட்பிரிவும் தமிழாக மாற்றப்பட்டு உருத்தெரியாமல் போகும். எழுத்து நிற்கும் வரிசையும் மாறவேண்டும்: பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு, ககரம், கால் என்று கிடக்கும், யூனிகோடிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். ஆகவே மாற்றிய பின் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதும் அவசியம்.

எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்பார் உண்டு. மின்தாக்கலில் பி.டி.எஃப். கேட்பது சரியே, பக்கத்தை அது அசையாமல் காக்கும். ஆனால் பாமினியில் அடித்து பி.டி.எஃப். ஆக்கிய பிராதில் வாதியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. உள்ளே இருப்பது பழைய ரோமன் குவியல்தான். அச்சடித்து ஸ்கேன் செய்தால் அது வெறும் படம். பார்வையற்ற வக்கீலின் திரைவாசிப்பானுக்கு அதில் படிப்பதற்கு எதுவும் இல்லை. தீர்ப்பில் பிராதின் ஒரு பகுதியை மேற்கோள் காட்ட விரும்பும் நீதிபதியின் சுருக்கெழுத்தர் அதை மறுபடியும் அடிக்கவேண்டும். அடிக்கும் ஒவ்வொரு முறையும் பிழைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அப்படியானால் எல்லா நீதிமன்றங்களுக்கும் வோர்டையே வாங்கிக் கொடுத்துவிடலாமே என்பதும் சிலருடைய யோசனை. கடையில் பாமினியும் லதாவும் இருக்கும்வரை அதனாலும் எழுத்தும் பக்கமும் கெடாமல் இருக்கப்போவதில்லை. செலவு மட்டும் கூடும். வெளிநாட்டு உதாரணங்கள் இரு பக்கமும் உண்டு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், தன் 30,000 கணிப்பொறிகளை லிபரே ஆபீஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது. அதே தேசத்தின் மியூனிக் நகரம் பல்லாண்டு லினக்ஸில் இயங்கிவிட்டு 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அவ்வளவு வசதியுள்ள நகராட்சிக்கே திரும்ப நேர்ந்தது என்றால், வெளியாரோடு பரிமாறும் ஆவணத்துக்கு ஏற்பாடு செய்யாமல் மென்பொருளை மட்டும் மாற்றுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கி அனுமதி தரப்பட்டது. அதில் 2,000 கோடிக்கு மேற்பட்ட தொகை பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து மின்னுருவில் பாதுகாப்பதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. பழைய கட்டுகளுக்கு இவ்வளவு செலவிடும் திட்டம், இன்று புதிதாகப் பிறக்கும் பிராது நாளைக்கு இன்னொரு ஸ்கேன் செலவாக ஆகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்; எனவே இந்தப் பொறுப்பு மற்ற மாநிலத்து உயர் நீதிமன்றங்கள் செய்து காட்டட்டும் என்று காத்திருப்பதற்கு உரியதன்று. மதுரையில் தொடங்குவதற்குச் சட்டம் எதையும் திருத்த வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். தாக்கலாகும் தமிழ் ஆவணங்கள் ஒரு குறித்த தேதிக்குப் பின் யூனிகோடில் இருக்கவேண்டும் என்றும், பி.டி.எஃப். பிரதியோடு திருத்தத்தக்க ஓடிஎஃப் பிரதி ஒன்றும் சேர்த்துத் தரப்பட வேண்டும் என்றும் அது சொல்லட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாக வழங்கும் எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்து, அதை நீதிமன்றத்து உபுண்டுவிலும் நிறுவி, கடைகளுக்கும் கொடுத்து, கோப்புக்குள்ளேயே எழுத்துருவைப் பொதிந்து சேமிக்கும் முறையையும் காட்டிக்கொடுக்கட்டும். அந்த வசதி வோர்டிலும் இருக்கிறது, லிபரே ஆபீஸிலும் இருக்கிறது. பிராது, எதிருரை, பிரமாண வாக்குமூலம், வக்காலத்து என்ற நான்குக்கும் விளிம்பும் பத்தியும் ஒழுங்காகக் குறித்த மாதிரிக் கோப்புகளை வழக்கறிஞர் சங்கத்தின் மூலமாக விநியோகிக்கட்டும். முதல் ஆறு மாதம், பழைய எழுத்துருவில் வந்த எந்த மனுவையும் திருப்பி அனுப்பாமல், மாற்றிக் கொடுப்பதற்கு நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு மேஜை போட்டு, அந்த மேஜைக்குக் கைதேர்ந்த ஒரு ஜாப் டைப்பிஸ்டையே சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும். எந்த எழுத்து எங்கே எப்படிக் கெடும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் வேறொருவர் இல்லை.